விசில் ஊதுபவரும் ஒரு பிள்ளையின் அப்பாதான்

பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளின் கால்பந்து ஆட்டம். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு சிறுமி அதை இரு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி உள்ளே எறிகிறாள். கோலுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் தோழி ஒரே உதையில் பந்தை வலைக்குள் அனுப்பிவிடுகிறாள். எதிரணிப் பெற்றோர் நிற்கும் பக்கத்திலிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக எழும்புகின்றன: “ஆஃப்சைடு! ரெஃப், ஆஃப்சைடு!” மஞ்சள் சட்டை போட்ட நடுவர் தலையை அசைத்துவிட்டு மைதானத்தின் நடுவை நோக்கிக் கையைக் காட்டுகிறார். கோல் கோல்தான். “உனக்குக் கண் தெரியுமா, தெரியாதா?” என்று ஒரு அப்பா கத்துகிறார்.

நடுவர் சொன்னதுதான் சரி. த்ரோ இன் பந்தை நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் கிக்குக்கும் கார்னர் கிக்குக்கும்கூட இல்லை. கால்பந்து விதிகளில் 11ஆவது விதி இதைச் சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. ஆனாலும் அமெரிக்காவின் ஊர்ப் பூங்காக்களில் சனிக்கிழமை தவறாமல் இந்தக் கூச்சல் கேட்கிறது. கத்துகிறவர்களில் பெரும்பாலோர் விதிப்புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. கத்தலை வாங்கிக்கொள்கிறவர் அந்தக் காலைப்பொழுதுக்காக ஒரு காசும் வாங்கவில்லை.

அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து இரண்டு தளங்களில் நடக்கிறது. தேர்வு வைத்து ஆள் எடுத்து, சம்பளப் பயிற்சியாளரை அமர்த்தி, வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப்போகும் கிளப் அணிகள் ஒரு தளம். பொழுதுபோக்குக்காக, ஊரில் இருக்கும் எந்தப் பிள்ளையும் பெயர் கொடுத்துச் சேரக்கூடிய லீக் ஆட்டங்கள் இன்னொரு தளம். இரண்டாவது வகையில் பெயர்பெற்றது ஏ.ஒய்.எஸ்.ஓ. என்று எல்லோரும் அழைக்கும் அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு. 1964இல் கலிபோர்னியாவின் டொரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு தொடங்கியது. அதன் முதல் கொள்கை, வந்த பிள்ளைகள் அனைவரும் ஆட வேண்டும் என்பது. எவ்வளவு சுமாராக ஆடும் பிள்ளைக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் களத்தில் இடம் உண்டு. பயிற்சி கொடுப்பவர், கோடு போடுபவர், வலை கட்டுபவர், விசில் ஊதுபவர் எல்லோரும் தன்னார்வலர்கள். அதாவது, அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்.

நியூ ஜெர்ஸி, டல்லாஸ், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி என்று தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் நம் பிள்ளைகளும் இத்தகைய லீக்குகளில் ஆடுகிறார்கள். பேரனின் ஆட்டத்தைப் பார்க்க மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிட்டு ஊர் திரும்பிய தாத்தா பாட்டிகள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். இடைவேளையில் ஆரஞ்சுச் சுளையும் ஆட்டம் முடிந்ததும் நொறுக்குத் தீனியும் கொடுக்கும் அந்த இதமான காலையில், திடீரென்று பெரியவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று அவர்கள் வியந்திருப்பார்கள்.

நடுவராக நிற்பவர் யார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்பேடு, பென்சில், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, சுண்டிப் போட ஒரு நாணயம். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் விசில். வார நாள்களில் அவர் கணக்காளராகவோ ஆசிரியராகவோ மென்பொருள் எழுதுபவராகவோ இருப்பார். இணையத்தில் சில மணி நேரப் பாடமும் மைதானத்தில் ஒரு பயிற்சியும் முடித்திருப்பார். முந்தைய ஆட்டத்தில் அவருடைய மகள் ஆடியிருப்பாள். அடுத்த ஆட்டத்தில் மகன் ஆடுவான். சிறு பிள்ளைகளின் ஆட்டங்களில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான், துணை நடுவர்கள் கிடையாது. பக்கக்கோட்டருகே நிற்கும் ஏதாவது ஒரு பெற்றோர் கையில் கொடியைக் கொடுத்து, “பந்து வெளியே போனால் மட்டும் தூக்குங்கள், போதும்” என்று கேட்டுக்கொள்வார்.

எல்லா இடத்திலும் நடுவர் பெரியவராக இருப்பார் என்பதும் இல்லை. அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் அடிமட்ட நடுவராக 13 வயதிலேயே சேரலாம். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதுவது அங்கே சாதாரணம். அவன் குரல் இன்னும் உடைந்திருக்காது. ஃபவுல் என்று தோன்றியதும் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஒரு நொடி தயங்கி, மெல்ல ஊதுவான். எந்த அணிக்கு ஃப்ரீ கிக் என்று கை காட்டுவதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் கத்தல் வந்துவிடும். நாற்பது வயதுக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத ஒரு சிறுவனை நடுத்தெருவில் நிறுத்தி அப்படித் திட்டினால் பார்ப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். மைதான ஓரத்தில் நடந்தால் மட்டும் அதை ஆட்டத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பெற்றோருக்கு வரும் கோபத்தில் கணிசமான பங்கு, அவர்கள் பார்த்த கால்பந்தும் பிள்ளைகள் ஆடும் கால்பந்தும் வேறுவேறாக இருப்பதால் வருவது. அவர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது தொழில்முறை ஆட்டம். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் அமெரிக்காவில் ஆடுவது அணிக்கு ஏழு பேர் கொண்ட, அளவு குறைத்த ஆட்டம். தலையில் அடிபடும் ஆபத்தைக் கருதி, அந்த வயதுப் பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக்கூடாது என்று அமெரிக்கக் கூட்டமைப்பு 2015 நவம்பரில் அறிவித்தது. ஆட்டத்தில் தெரிந்தே முட்டினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் கிடைக்கும். பையன் அழகாகத் தாவித் தலையால் பந்தைத் திருப்புகிறான். அவனுடைய அப்பா கைதட்டத் தொடங்கும்போதே விசில் ஒலிக்கிறது. அவருக்குத் தலைகால் புரிவதில்லை.

கூத்து அதோடு முடிவதில்லை. மறைமுக ஃப்ரீ கிக் என்பதைக் காட்ட நடுவர் ஒரு கையை நேராக மேலே தூக்கிப் பிடிக்கிறார். உதைத்த பந்து வேறு ஒருவர் மேல் பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோல் என்பது அந்தக் கைக்கு அர்த்தம். எதிரணிச் சிறுவனுக்கு இது தெரியாது. நேராக வலைக்குள் அடித்துவிடுகிறான். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், பெற்றோர் ஆர்ப்பரிக்கிறார்கள். நடுவர் கோல் இல்லை என்று சொல்லி கோல் கிக் கொடுக்கிறார். இப்போது இந்தப் பக்கமும் கொதிக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு சரியான தீர்ப்புகள் கொடுத்து, இரண்டு பக்கத்துப் பகையையும் அவர் சம்பாதித்துக்கொள்கிறார்.

ஏழு பேர் ஆட்டத்தில் கோல்கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிரணி பின்வாங்கிப் போய் நிற்க வேண்டிய தனிக் கோடு ஒன்று உண்டு. பந்தைக் கால்களால் மெல்ல நகர்த்திக்கொண்டு வரப் பிள்ளைகள் பழக வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது. அதே காரணத்துக்காக, கோல்கீப்பர் கையிலிருந்து பந்தை விட்டு ஓங்கி உதைப்பதற்கும் தடை. ஆஃப்சைடு கணக்கும் அந்தக் கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில்தான். பிரீமியர் லீக் பார்த்துக் கால்பந்து கற்றவர்களுக்கு இதில் எதுவுமே பழக்கமில்லை.

விதி தெரிந்தவர்களுக்கும் கண் ஏமாற்றும். ஆஃப்சைடைப் பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பந்து வந்து சேரும் நொடியில் யார் எங்கே நிற்கிறார் என்பது பொருட்டே இல்லை. வேகமாக ஓடும் பிள்ளை அந்த இடைவெளியில் பல அடி முன்னே போய்விடுகிறாள். பெற்றோர் கண் பந்தோடு போய், அவள் நிற்கும் இடத்தைக் கடைசியில் பார்க்கிறது. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்த கோட்டு நடுவர்களே ஆஃப்சைடில் தவறுவது ஏன் என்று ஆராய்ந்தது. தற்காப்பு வீரருக்கு நேர்கோட்டில் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றால், பார்க்கும் கோணமே முன்னே இருப்பவரைப் பின்னேயும் பின்னே இருப்பவரை முன்னேயும் காட்டிவிடுகிறது என்று அது சொன்னது. தொழில்முறை நடுவருக்கே இந்த நிலை என்றால், நடுமைதானத்துக்கு நேரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நாற்பது அடி தள்ளி நடப்பதைச் சாய்வாகப் பார்க்கும் அம்மாவுக்கு எப்படிச் சரியாகத் தெரியும்?

ஹேண்ட்பாலும் அப்படித்தான். பந்து கையில் பட்டதெல்லாம் குற்றமல்ல. உடலை ஒட்டி இயல்பாக இருந்த கையில் எதிர்பாராமல் வந்து மோதினால் ஆட்டம் தொடரும். “பந்தைத்தானே தொட்டான்!” என்பது இன்னொரு நிரந்தரக் கூக்குரல். பந்தைத் தொட்ட பிறகோ முன்போ, பொறுப்பில்லாமல் எதிராளியின் காலை வாரினால் அது ஃபவுல்தான். அதேபோல, ஃபவுல் நடந்தும் நடுவர் விசில் ஊதாமல் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி ஆட்டத்தைத் தொடரச் சொல்வதுண்டு. ஃபவுலுக்கு ஆளான அணியிடம்தான் பந்து இருக்கிறது, நிறுத்தினால் அவர்களுக்கே நஷ்டம் என்று கணக்குப் போட்டு அவர் விட்டுக்கொடுப்பது அது. ஓரத்தில் நிற்பவர்களுக்கோ, அவர் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது.

நடுவர்கள் தவறே செய்வதில்லை என்பதல்ல இதன் பொருள். தவறுகிறார்கள், நிறையத் தவறுகிறார்கள். பதினான்கு பிள்ளைகள் ஒரே பந்தைச் சுற்றி மொய்க்கும்போது, ஒரே ஒருவர் ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. கார்னர் கிக்காக இருக்க வேண்டியது கோல் கிக்காகும். தெளிவான பெனால்டி ஒன்று நழுவும். நடந்ததா இல்லையா என்பதில் நடுவர் சொல்வதே முடிவு என்று 5ஆவது விதி வகுத்திருப்பதே, தவறு இல்லாத மனிதர் கிடைக்கமாட்டார் என்று தெரிந்துதான். தீர்ப்பில் குறை இருந்தாலும் யாராவது ஒருவர் தீர்ப்புச் சொன்னால்தான் ஆட்டம் நகரும்.

பெற்றோர் பக்கத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தன் மகள் மூன்றாவது முறையாகக் கீழே தள்ளப்பட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது ஒரு தாய்க்கு வரும் பதற்றம் உண்மையானது. முரட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத நடுவரால் பிள்ளைகளுக்கு அடிபடும். அதைச் சொல்ல வழி இருக்கிறது: பயிற்சியாளரிடம் சொல்லலாம், அவர் இடைவேளையில் நடுவரிடம் அமைதியாகக் கேட்கலாம், ஆட்டம் முடிந்த பிறகு லீக்கின் நடுவர் பொறுப்பாளருக்கு எழுதலாம். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிய புகார் ஒன்றை, த்ரோ யாருக்கு என்கிற நாற்பது கத்தல்களோடு சேர்த்துக் கத்தினால் எவர் காதிலும் அது ஏறாது. கேட்கப்பட வேண்டிய புகாரை மற்றக் கூச்சலே புதைத்துவிடுகிறது.

கூச்சலுக்குக் காரணம் விதி தெரியாமை மட்டுமா என்றால், இல்லை. தன் பிள்ளைக்கு அநியாயம் நடக்கிறது என்று தோன்றிய நொடியில் பெரியவர்களின் நிதானம் போய்விடுகிறது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் ஆட்டங்களில் பல லீக்குகள் புள்ளிப் பட்டியல்கூட வைப்பதில்லை. தோற்றால் எதுவும் குடிமுழுகிவிடாது. மதியச் சாப்பாட்டுக்குள் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் அதை வீடுவரை சுமந்துகொண்டு போகிறார்கள்.

இது கத்தலோடு நின்றுவிடுவதும் இல்லை. 2012 டிசம்பர் 2 அன்று நெதர்லாந்தின் அல்மேரே நகரில், பதின்ம வயதினரின் ஆட்டம் ஒன்றுக்கு ரிச்சர்ட் நியூவென்ஹைசன் என்ற 41 வயதுத் தந்தை தன்னார்வக் கோட்டு நடுவராகக் கொடி பிடித்தார். அவருடைய மகன் அந்த ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் அவரைச் சூழ்ந்து அடித்தார்கள். சில மணி நேரம் கழித்து மயங்கி விழுந்தவர் மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். 2013 ஜூனில் ஆறு சிறுவர்களோடு, அவர்களில் ஒருவனின் 50 வயதுத் தந்தைக்கும் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தந்தைக்குக் கிடைத்தது ஆறு ஆண்டுச் சிறை. அந்த மரணத்துக்கு அடுத்த வார இறுதியில் நெதர்லாந்து கால்பந்துச் சங்கம் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது.

ஐந்து மாதத்துக்குள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அதே கொடுமை. ரிகார்டோ போர்டில்லோ என்ற 46 வயது நடுவர், கார்னர் கிக்கின்போது எதிராளியைத் தள்ளியதற்காக 17 வயது கோல்கீப்பருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அந்தப் பையன் அவர் தலையில் ஓங்கிக் குத்தினான். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து, 2013 மே 4 அன்று அவர் இறந்தார். மைதானத்தில் வன்முறை கூடிக்கொண்டே போகிறது, இந்த வேலை வேண்டாம் என்று மகள்கள் முன்பே அவரைக் கெஞ்சியிருந்தார்கள்.

இவை அரிதான நிகழ்வுகள்தான். இந்த இரண்டிலும் முதலில் கை ஓங்கியவர்கள் ஆடியவர்களே, ஓரத்தில் நின்றவர்கள் அல்லர். ஆனால் நடுவரைத் திட்டலாம், மதிக்காமல் நடக்கலாம் என்று பிள்ளைகள் எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்டால், மைதான ஓரத்தைத் தவிர வேறு பதில் கிடைப்பது கடினம். 2019 ஜூனில் கொலராடோவின் லேக்வுட் நகரில் ஏழு வயதுப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தில் 13 வயது நடுவர் சொன்ன தீர்ப்பு பிடிக்காமல் பெரியவர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். அந்தக் காணொளி உலகம் முழுவதும் சுற்றியது. அடிதடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அந்த ஏழு வயதுப் பிள்ளைகள்.

அமெரிக்க விளையாட்டு நடுவர்களின் தேசியச் சங்கம் 2017இல் நடத்திய கருத்தறிதலில் 17,000க்கும் மேற்பட்ட நடுவர்கள் கலந்துகொண்டார்கள். களத்தில் பண்பு கெடுவதற்கு யார் முதல் காரணம் என்ற கேள்விக்கு, பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் பெற்றோர் என்று பதில் சொன்னார்கள். பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் அதற்குப் பிறகுதான். உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் மட்டும் 2018-19க்குப் பிறகான மூன்றே ஆண்டுகளில் சுமார் 50,000 நடுவர்கள் விலகிப்போனார்கள். பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் போனவர்களைத் திரும்ப அழைப்பதற்கு வசவு பெரிய தடை. சம்பளம் வாங்குபவர்களே இப்படி விலகும்போது, சும்மா வந்து நிற்கும் ஒரு அப்பாவை எது தடுத்து நிறுத்தும்? ஒரு பருவம் முழுக்கத் திட்டு வாங்கிய பிறகு அடுத்த பருவத்துக்கு அவர் பெயர் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். மிச்சம் இருப்பவர்கள் ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் ஓடுகிறார்கள். களைத்த கால்களோடு பந்தைத் துரத்துகிறவர் இன்னும் அதிகமாகத் தவறுகிறார். கூச்சலும் அதோடு கூடுகிறது.

இதைச் சரிசெய்யப் பலரும் பலவற்றை முயன்றிருக்கிறார்கள். 1999இல் ஒகையோ மாநிலத்தின் வடபகுதிச் சிறுமியர் லீக் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெற்றோர் வாயே திறக்கக்கூடாது என்று அறிவித்தது. பிறகு இந்த மௌன நாள் பல மாநிலங்களுக்கும் பரவியது. சில இடங்களில் வாயை அடக்கி வைக்கப் பெற்றோருக்கு லாலிபாப் கொடுத்தார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் மரியாதை இயக்கம் என்ற ஒன்றைத் தொடங்கி, பக்கக்கோட்டிலிருந்து சில அடி தள்ளிக் கயிறு கட்டி, பார்வையாளர்களை அதற்குப் பின்னே நிற்க வைத்தது. அங்கே பல மாவட்டங்களில் 18 வயதுக்கு உட்பட்ட நடுவர்கள் கையில் ஊதாப் பட்டி கட்டுகிறார்கள். எதிரில் நிற்பது ஒரு சிறுவன் என்று திட்ட வருபவருக்கு அது நினைவூட்டும். ஓக்லஹோமாவின் டல்ஸா நகரைச் சேர்ந்த பிரையன் பார்லோ என்ற நடுவரோ பொறுமை இழந்து, வரம்பு மீறும் பெற்றோரின் காணொளியை அனுப்பினால் 100 டாலர் என்று 2018இல் அறிவித்தார்.

அந்த 100 டாலர் வழி நல்ல வழி அல்ல. ஒரு மனிதரின் மோசமான ஒரு நிமிடத்தை உலகத்துக்கே காட்டி அவமானப்படுத்தினால், அதைப் பள்ளியில் சுமக்கப்போவது அவருடைய பிள்ளை. கயிறும் ஊதாப் பட்டியும் அதைவிட மேல். திட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வைக்கின்றன. மௌன நாளால் கிடைக்கும் பெரிய லாபம், ஆடுகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்வது. பெரியவர்கள் வாயை மூடியதும், யாருக்குப் பந்து கொடுப்பது என்று பிள்ளைகளே தீர்மானிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் பருவத்துக்கு ஒரு நாள் அடக்கிவைத்த வாய் அடுத்த வாரம் மறுபடி திறந்துகொள்கிறது.

விதிகளுக்கும் இப்போது கொஞ்சம் பல் முளைத்திருக்கிறது. 2019 முதல் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெற்றோருக்கு அட்டை கிடையாது. ஆனால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பயிற்சியாளரை அழைத்து, அந்த நபரை அமைதிப்படுத்தும்படி கேட்கலாம். அதற்கும் கேட்காவிட்டால் ஆட்டத்தையே முடித்துவிடலாம். நடுவர்களைத் துன்புறுத்துவோர் மீது சில ஆட்டத் தடை முதல் வாழ்நாள் தடை வரை விதிக்கும் புதிய கொள்கையை அமெரிக்கக் கூட்டமைப்பு 2025 மார்ச் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. தாமதமாக வந்தாலும் தேவையான ஏற்பாடு. ஆனால் ஊர்ப் பூங்காவின் ஏழாவது மைதானத்தில் தனியாக நிற்கும் தன்னார்வலர், புகார் மனு எழுதிக்கொண்டிருப்பதைவிட வீட்டுக்குப் போவதையே விரும்புவார்.

எல்லாவற்றிலும் பலன் தருவது, கத்துகிறவரையே உள்ளே இழுத்துவிடுவதுதான். ஏ.ஒய்.எஸ்.ஓ.வின் பல வட்டாரங்களில் ஒவ்வோர் அணியும் தன் பெற்றோரிடமிருந்து நடுவர்களைத் தர வேண்டும். தராத அணிக்குப் புள்ளிப் பட்டியலில் குறை விழும். இப்படிக் கட்டாயத்தால் வந்து விசிலைக் கையில் வாங்கும் ஒருவர் முதல் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நிற்பார். பந்து எந்தக் காலில் பட்டு வெளியே போனது என்று சத்தியமாகத் தெரியாமல், ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டுவார். அதற்குள் இரண்டு ஓரங்களிலிருந்தும் குரல் வந்துவிடும். வேறு எந்தப் பாடமும் இவ்வளவு சீக்கிரம் உறைப்பதில்லை.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இங்கிலாந்திலோ பிள்ளைகளை இந்த ஆட்டங்களுக்கு அழைத்துப்போகும் வாசகர்கள், வரும் பருவத்துக்குப் பிள்ளையின் பெயரைப் பதியும்போதே தன்னார்வ நடுவர் பகுதியிலும் தங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். முன் அனுபவம் எதுவும் கேட்கமாட்டார்கள். பயிற்சியை லீக்கே கொடுக்கும். முதலில் எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாதவர்கள் ஆட்டம் முடிந்ததும் நடுவரிடம் போய்க் கைகொடுத்து நன்றி சொல்லுங்கள். உங்கள் அணி தோற்ற நாளில் கட்டாயம் சொல்லுங்கள்.